முகம் பார்க்கும் முகப்பு

கண்ணாடிகளுக்கு சன் ஃபிலிம் ஒட்டும் காசிராஜனை, சரக்கு கொடுக்கும் ஜெபமணி பதினான்கு வருடமாக அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஜெபமணியின் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு ஒன்றான மறுவாரம் போனில், "சார், உங்க டீலர் நம்பர் சொல்லுங்க" என்றார்.

"நான்தான்யா காசி. நம்ம ஃபிலிம் ஒட்டின பரிமளா வீட்டுல ஒரு சன்னல் உடைஞ்சுபோச்சு. வெயில் பட்டா அந்தப் பிள்ளைக்குத் தோல் பொத்துப்போகும், உனக்கே தெரியும்."

"தெரியும் சார். அந்த ரகத்தையே நிறுத்திட்டாங்க. புதுசு எங்க ஷோரூமுக்கு மட்டும்தான் சார்."

ஒவ்வொரு சாருக்கும் காசிராஜன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

உடைந்த சன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். "தெருவைப் பாக்காம இருக்க முடியல மாமா" என்றாள் பரிமளா.

வெளியே நிற்பவருக்கு முகம் காட்டும் அந்த ரகம் ஊரில் மிஞ்சியிருந்தது காசிராஜனின் கடை முகப்பில்தான். ஒட்டியதை உரித்தால் மறுபடி ஒட்டாது. அதனால் கண்ணாடியையே கழற்றி, அளவுக்கு அறுத்து அவள் சன்னலில் பொருத்தினார். கடைக்கு வெறும் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் உச்சிவெயிலில், புதுக் கம்பெனியின் சட்டையோடு அந்த வழியே வந்த ஜெபமணி, எப்போதும்போல் கடை முகப்பில் முகம் பார்த்துத் தலை சீவ நின்றார். சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது. கண்ணாடியில் அவர் முகம் இல்லை. உள்ளே காசிராஜன் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமணியின் உதடுகள் அசைந்தன. அண்ணே என்றாரா, சார் என்றாரா, கண்ணாடியைத் தாண்டிக் கேட்கவில்லை.