எட்டடி அலை

காலை ஆறு மணி. யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் வாளியோடு நிற்கிறோம். இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் வானம் கறுத்துத் தொங்குகிறது. தெற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு அலைச்சறுக்குப் பழக்குகிற என் தம்பி பிரதீபனின் குரல் போனில் கரகரக்கிறது: "அக்கா, இங்க பாறை மேல எட்டடி அலை உடையுது. பத்து மணிக்கு மேல பேய்மழையாம். சிவப்புக்கொடி ஏத்தி, பலகையெல்லாம் உள்ள வச்சுப் பூட்டியாச்சு. நீ மேமலைக்குப் போகாத." இன்று எங்களுக்கு வெட்டு அந்த மேல் மலையில்தான்; அங்கே மண் வெடித்துக் கிடக்கிறது. நேற்று அந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. கணக்கப்பிள்ளை நாகலிங்கத்திடம் சொன்னேன். சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். இப்போது தம்பி சொன்னதைச் சொன்னால் சிரிக்கிறார். "கடல்ல அலை அடிச்சா மலையில வேலை நிக்குமா புள்ள? ஏறுங்க, ஏறுங்க." "அலை அங்கயே கிடக்கும்ங்க. அதைத் தள்ளுற காத்துதான் இங்க மழையா ஏறுது. வெளையாட வந்தவங்களுக்கு மணிக்கு மணி சொல்றாங்க. எங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு, வெட்டு இல்லாத நாளில் மரத்தில் பால் வடிகிற சிரட்டையைக் கவிழ்ப்பதுபோல, என் வாளியை அவர் காலடியில் ணங்கென்று கவிழ்க்கிறேன். பின்னால் இன்னொரு வாளி கவிழ்கிற சத்தம். நிமிர்ந்தால் அவருடைய மோட்டார் சைக்கிள் தெரிகிறது. எந்த நாளும் மலையைப் பார்த்து நிற்கிற வண்டி, இன்றைக்குக் கீழே இறங்குகிற ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறது. சாவியும் அதிலேயே தொங்குகிறது.