கைராசிக்காரி

"இவ கை பட்டா கல்லுகூடப் பச்சை பிடிக்கும்" என்றார் சார், புதிதாக வந்தவளின் தொட்டியை எட்டிப் பார்த்து.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. அக்காவின் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. சார் அதையும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்.

ஏரி ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. தலை நரைக்கத் தொடங்கியும் வேலை நிரந்தரமாகவில்லை. மற்றவள் நேற்று வந்தவள். கைராசிக்காரி என்று அவளுக்குப் பட்டம் கொடுத்ததே சார்தான். இந்த ஆய்வு முடிந்ததும் இருவரில் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை.

மொட்டை மாடியில் ஆளுக்கொரு தொட்டி. இரண்டிலும் ஒரே ஏரித் தண்ணீர், பாசி கொழிக்க ஒரே அளவு உரம். அப்புறம் வாரா வாரம் அளந்து கொஞ்சம் உப்பு. ஏரி வற்ற வற்ற உப்பு ஏறுமே, அப்போது எந்தப் பாசி பிழைக்கிறது, எது மடிகிறது என்று பார்க்கத்தான். இருவரும் தனித்தனியாகச் செய்து ஒரே முடிவு வந்தால்தான் சார் நம்புவார். அதனால் ஒருத்தி தொட்டியை மற்றவள் தொடக் கூடாது.

அதே தண்ணீர், அதே உரம், அதே உப்பு. அவளுடையது தளதளவென்று இருக்க, அக்காவுடையது மட்டும் சோகை பிடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு இப்போ எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள் கைராசிக்காரி.

"இருக்காரு."

ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து போகிறவளுக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. நலம் விசாரித்தும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா மாடியேறினாள். கைராசிக்காரி அக்காவின் தொட்டிமேல் குனிந்திருந்தாள். கையில் ஒரு ஜக்.

"என்ன பண்றே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜக் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"சும்மாதான்க்கா. பார்த்தேன்."

"கண்ணால பார்க்க ஜக் எதுக்கு?"

கைராசிக்காரி தலையைக் குனிந்தபடி இறங்கிப் போய்விட்டாள்.

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைராசியாம், கைராசி. உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து என் தொட்டியில் ஊற்றுகிற கைக்கு அந்தப் பேர். சாரிடம் சொல்லலாம். சொன்னால், பொறாமையில் பேசுகிறாள் என்பார்.

உப்பு டப்பா அங்கேயே இருந்தது. அக்கா கை நிறைய அள்ளினாள். கைராசிக்காரியின் தொட்டியில் போட்டாள். மறுபடி அள்ளிப் போட்டுக் கையாலேயே கலக்கினாள். ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு இறங்கியபோது மனசு என்னவோ ஆறவில்லை. அவள் செய்ததைத்தானே செய்தேன் என்று சொல்லி அதை அடக்கினாள்.

சில நாளில் மாடியில் நாற்றம் கிளம்பியது. சார் கைராசிக்காரியின் தொட்டியில் கருவியை முக்கி உப்பைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கடலைக் கொண்டுவந்து ஊத்தினியா? பாசி மொத்தமும் செத்து அடியில கிடக்கு. அதைத் தின்ன நுண்ணுயிர் பெருகித்தான் இந்த நாத்தம். உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை."

கைராசிக்காரி நிமிரவில்லை.

சார் அக்காவின் தொட்டிக்கு வந்தார்.

"உப்பு அளவு அச்சுப் பிசகாம இருக்கு. பச்சையும் திரும்புது. ஆஸ்பத்திரிக்கும் இங்கேயும் அலைஞ்சுகிட்டு எப்படிம்மா இப்படிக் கவனிச்சீங்க? வேலை உங்களுக்குத்தான்."

வேலை என்ற சொல் மட்டுமே அக்காவின் காதில் நின்றது. சார் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"இப்பவாவது வாயைத் திற. அன்னிக்கு என் தொட்டியில என்ன ஊத்தினே?"

"சார் காதுல போட்டுடாதீங்கக்கா. காய்ச்சி வடிச்ச தண்ணிதான்."

"தண்ணியா?"

"நீங்க ஆஸ்பத்திரியே கதின்னு இருந்தப்போ உங்க தொட்டி வெயில்ல வத்திக்கிட்டே வந்துச்சு. தண்ணி போனாலும் உப்பு போகாதே. அப்படியே விட்டா உங்க பாசி செத்திருக்கும். அதான் வத்தினதுக்குத் தினமும் ஊத்தினேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை."

அக்காவின் கை தானாகப் போய்க் கோட்டின் ஓரத்தை மறைத்தது. அங்கே உப்பு காய்ந்து வெள்ளையாகத் தடம் விட்டிருந்தது.

கைராசிக்காரி தன் தொட்டியைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"உங்க தொட்டி நினைப்புலயே என்னோடதுல உப்பு போட்டதை மறந்து திரும்பத் திரும்பப் போட்டிருக்கேன் போல. இல்லேன்னா இவ்வளவு உப்பு எங்கேருந்துக்கா வரும்?"