ஓடாத படத்தின் கதை

விக்டோரியா கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டுப் பார்த்தான் கடைக்கார இனிகோ. படம் ஓடவில்லை.

“இது ஜப்பானுக்குன்னு போட்ட டிவிடி, அக்கா. உங்க டிரைவ் இந்தியாவுக்குன்னு செட் ஆகியிருக்கு. அதான் ஓட மாட்டேங்குது.”

“எங்க வீட்டுக்காரவிய கப்பல்ல வேலை பார்த்தப்ப வாங்கிட்டு வந்தது தம்பி. ஓடலைன்னதும், ‘நான் அங்கனயே பார்த்துட்டேன், சொல்லுதேன் கேளு’ன்னு நடிச்சே காட்டுவாவ. கதாநாயகன் செத்துட்டான்னு நான் அழுதேன்னா, அடுத்த லீவுல அவனைப் பிழைக்க வச்சிருவாவ.” விக்டோரியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “இப்ப வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. நெசக் கதையையாவது பாக்கலாம்னு வந்தேன்.”

இனிகோ செட்டிங்கைத் திறந்தான்.

“நாட்டை மொத்தமே அஞ்சு தடவைதான் மாத்த முடியும். இதுல ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்தியிருக்கே! யாரோ ஜப்பானுக்கு மாத்திப் படத்தைப் பாத்துட்டு, திரும்பவும் இந்தியாவுக்கே மாத்தி வச்சிருக்காவ.”

“அவியளத் தவிர அதை யாரும் தொட்டதே இல்லியே!”

“இப்ப மாத்திரட்டுமா அக்கா? ஒரு நிமிசத்துல ஓடும்.”

விக்டோரியா டிவிடியை வெளியே எடுத்து உறையில் போட்டாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

“ஏங்க, கடைத் தம்பியும் பாத்துட்டாரு. இந்தப் படம் ஓடவே ஓடாதாம். ரிட்டயர் ஆனதுல இருந்து அந்தப் போனையே பாத்துட்டுக் கெடக்கியளே, அதைக் கீழ வைங்க. இந்தா வாரேன், நீங்கதான் மறுபடியும் கதை சொல்லணும்.”