தூக்கிய கை

துணி வாங்கும் கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் தையல் கூடத்தில், மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் வந்து நின்றார். சூப்பர்வைசர் அவர் பின்னாலேயே வந்து ஒவ்வொருத்தியையும் முறைத்தார்.

“ராத்திரியில உங்களை உள்ள வெச்சுப் பூட்டறாங்களா? ஆமான்னா கையைத் தூக்குங்கம்மா.”

ஒரு கைகூட அசையவில்லை.

“வேலையை விட்டுப் போறேன்னா மிரட்டறாங்களா?”

அதற்கும் இல்லை. சூப்பர்வைசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ‘வர்றவர் என்ன கேட்டாலும் கையைத் தூக்கக் கூடாது, தூக்கினவங்களைத் தொலைச்சுடுவேன்’ என்று ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை.

ஆய்வாளர் கேமராவை எடுத்தார். “ரொம்ப சந்தோஷம். இஷ்டப்பட்டு வேலை செய்யறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க. எங்க விளம்பரத்துக்கு ஒரு போட்டோ.”

எல்லாரும் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் கண்ணால் ஜாடை காட்டினார், பல்லைக் கடித்தார். மிரட்டுகிறார் என்று நினைத்து அவர்கள் கைகளை இன்னும் இறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் தன் கையையே தூக்கிக் காட்டினார்.

ஆய்வாளர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தார். தொலைந்தோம் என்று சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்படியே நில்லுங்க சார். படத்துல கை மட்டும்தான் வரும். அந்தத் தங்க மோதிரத்தை மட்டும் கழட்டிடுங்க.”