இசாக்கின் பேத்தி

"நீ நண்டு தின்னுறனீ எண்டு மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதை. இசாக்கின்ர வீட்டில நண்டு, றால் ஒண்டும் சட்டிக்குள்ள போகாது."

அன்ரனெற் அன்ரி இதைப் பேபியின் காதுக்குள்தான் சொன்னார். ஆனாலும் கொரிடோர் முழுக்கக் கேட்டிருக்கும். புலம்பெயர்ந்து வந்த இந்த வோபர்னில் யார் வீட்டில் என்ன சமையல், என்ன சண்டை என்பதெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

"பொய் பிடிபட்டால், அன்ரி?"

"ஆர் பிடிக்கிறது? எங்கட தீவு ஆக்கள் இந்த பில்டிங்கில நீயும் நானும்தான்."

"உங்கட வாய்க்குத்தான் பயமாக்கிடக்கு."

அன்ரி முறைத்தார்.

வரப்போகிறவர் மிரியம் என்ற யூதப் பெண். அவருடைய பாட்டனின் தம்பி இசாக்கு சங்கு வாங்கப் போன இடத்தில், மன்னாருக்குப் பக்கத்துச் சின்னத் தீவொன்றில் கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாராம். அந்த வழியில் யாரும் உண்டா என்று தமிழர் கூடும் மாதா கோயிலில் விசாரித்திருந்தார். சொந்தமென்றால் எதுவும் செய்வாராம்.

சண்டை முடிந்த வைகாசி அது. பேபியின் தாய் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார். மிரியம் மனம் வைத்தால் தாயை இங்கே எடுக்க ஒரு நல்ல லோயர் கிடைப்பார். அதற்காகத்தான் பேபியை இசாக்கின் வழிவந்தவளாக நடிக்கச் சொல்லியிருந்தார் அன்ரி.

மிரியம் வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. யூதர் வழக்கப்படி இசாக்கு வீட்டில் நண்டு, றால் சமைப்பதில்லை என்று பேபி சொல்லியும் முகம் இளகவில்லை.

"வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அவர் பிள்ளைகளை என்ன செய்வார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இதை அன்ரி சொல்லிக்கொடுக்கவில்லை. பேபி அன்ரியைப் பார்த்தாள். மிரியம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அன்ரி இரண்டு கைகளையும் பேபியின் தலையில் வைத்து, கண்ணை மூடி, ஏதோ ஆசீர்வாதம் முணுமுணுத்தார்.

மிரியம் அப்படியே நின்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீடு. வேலியால எட்டிப் பாக்கிறது என்ர பழக்கம்." பேபி மொழிபெயர்த்தாள்.

மிரியம் பேபியைக் கட்டிப்பிடித்து அழுதார். இப்போதே லோயரிடம் போவோம், கார் எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கினார்.

கதவு சாத்தியதும் பேபி உடைந்துபோனாள். "அன்ரி, இசாக்கு உங்கட அம்மப்பா எல்லோ. அவ தேடி வந்தது உங்களையெல்லோ."

"என்ர அம்மா பங்குனியிலயே செல் குண்டு விழுந்து போயிட்டா," என்றார் அன்ரி. "உன்ர அம்மா இன்னும் கம்பிக்குள்ள நிக்கிறா. கெதியாச் சப்பாத்தைப் போடு."