வேலப்பன்சாவடி சிக்னலில் பின்சீட்டு

வேலப்பன்சாவடி சிக்னலில், சாயங்கால வெயில் பச்சை நிற டேங்கின் மேல் சரிந்து கிடக்கிறது. உருண்டை விளக்கும் குரோம் வளையங்களுமாக அந்தக் காலத்து வண்டி போல் தோன்றும் அந்த இத்தாலி பைக், நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் குலுங்குகிறது. இருபுறமும் துருத்திய சிலிண்டர்களின் அனல் எழிலரசியின் முழங்கால்களில் அடிக்கிறது. பக்கப் பார்வை போய்விட்டது, இனி வண்டியே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கார்மேகம் முதன்முறையாகத் தன் வண்டியில் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்துக் கிடந்த அலுப்பில் கழுத்து நிற்கவில்லை. எழிலரசி ஆக்சிலேட்டரை லேசாகத் திருகுகிறாள். வண்டி வழக்கம்போல் வலப்பக்கம் ஓர் இழுப்பு இழுக்கிறது. அதைச் சமாளிக்க அவன் தொடைகள் தாமாக இறுகுகின்றன. அதற்குள் அவள் இடுப்பை அசைத்து வண்டியை நேராக்கிவிட்டாள்.

"இன்னாம்மா, வண்டி இந்த ஆட்டம் ஆடிக்கினு கீது? ரிப்பேரா?"

குரல் வந்த பக்கம் கார்மேகம் தலையை முழுதாகத் திருப்பிய பிறகுதான் ஆட்டோவும் டிரைவரும் தெரிகிறார்கள்.

"இல்லண்ணா, இதோட சுபாவமே அதான்" என்கிறாள் எழிலரசி.

"சாரோட வண்டியா?"

அவள் கண்ணாடியில் கணவனைப் பார்க்கிறாள். கார்மேகம் மனைவியின் பக்கம் முகவாயை அசைக்கிறான்.

"அவங்க வண்டிண்ணே."

பச்சை விழுகிறது. பின்கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, அவன் அவள் தோளில் வைக்கிறான்.