எட்டு ஜிபி ராம்

யோகராஜ் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினான். மனைவி முத்துப்பிரியா டார்ச் பிடித்தாள்.

பழைய பெட்டி. லினக்ஸ் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்று அளந்து நிறுவியவன் அவன்தான். முன்பெல்லாம் கொஞ்சம் திணறும். இந்த ஒரு மாதமாக அடியோடு படுத்துவிட்டது. அவள் ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள். பாதிப் பாடத்தில் திரை அப்படியே நின்றுவிடும். பெட்டியைத் திட்ட மாட்டாள், பாவம். தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

ஏன் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் திரையை நொடிக்கு நொடி படம் பிடிக்கும் புரோகிராம் ஒன்றை உள்ளே ஒளித்து வைத்திருந்தான். யாருக்கும் சந்தேகம் வராத பெயராகவும் பார்த்து வைத்திருந்தான். மத்தியானமானால் சிலமலைக்கு, அம்மா வீட்டுக்கு என்று கிளம்பியவள், அங்கே போகவே இல்லை என்று தெரிந்த அன்று வைத்தது.

ஒரு மாதமாகப் பார்த்தும் பின்னமும் பெருக்கலும் தவிர ஒன்றும் சிக்கவில்லை. அதற்காக எடுத்தானா? சந்தேகம் லேசில் விடுமா!

இன்று காலையில் அவளே ஒரு சின்னக் கவரைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். உள்ளே கம்ப்யூட்டர் வேகமாக ஓட உதவும் புது ராம், ஒரு சின்ன நினைவக அட்டை.

அதைச் செருகி இரண்டு முனையிலும் அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது.

டார்ச் பிடித்த கை முகத்தருகே இருந்தது. ஏலக்காய் வாசம். ஏலக்காய் வியாபாரமே பிழைப்பான போடியில் அது யார் கையில்தான் இல்லை? ஆனால் நகக்கண் ஓரமெல்லாம் தோலுரிந்திருந்தது. என்ன இது என்று கேட்டான்.

"மத்தியானமெல்லாம் ஏலக்கா கடையில காய் பொறுக்குனேன், இந்த ராம் வாங்கத்தான். சொன்னா விடமாட்டீங்கன்னு சிலமலைன்னேன்" என்று சிரித்தாள்.

அடப் பாவி மனுசா! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்குமே. யோகராஜுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவள் அந்தப் பக்கம் நகரட்டும், முதல் வேலையாக அந்தப் புரோகிராமை அழித்துவிட வேண்டும்.

அவள் நகரவில்லை. பெட்டி விழித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் வாங்கிய எட்டு ஜிபி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள்.

முதல் வரியிலேயே அவள் விரல் நின்றது.

"ஏங்க, இந்தப் பிரிண்டர் எதுக்கு இம்புட்டு எடத்தத் திங்குது? நம்ம வீட்டுல பிரிண்டரே இல்லையே?"